நாலு எண்ணிக்கையில் ஒரு குடம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. ஊருக்கு அவள் சாவியக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, இரண்டு கையாலும் பிடித்துத் திருக மேலே ஒரு குறுக்குக் கம்பி, தண்ணீர்க் குழாய் வால்வின் தலையைக் கவ்வக் கீழே ஒரு பொந்து. இதுதான் அந்தச் சாவி. விடியற்காலை ஐந்து மணிக்கு அது தெருக்கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டால் ஊர் எழுந்துகொள்ளும். கோழியை நம்பிப் பிரயோசனமில்லை. அந்த ஊர்க் கோழிகள் குளிருக்குப் பயந்த சோம்பேறிகள்.

மலைச்சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நாலு தெரு. எல்லாவற்றுக்கும் மேலே, பாறை இடுக்கில் ஓர் ஊற்று. ஊற்று கசிந்து விழும் இடத்தில் கல் கட்டி, பலகைக் கல் போட்டு மூடிய ஒரு குழித்தொட்டி. அங்கிருந்து ஒரு குழாய் இறங்கி ஊரின் தலைமாட்டில் இருக்கும் பெரிய தொட்டியில் விழும். அந்தத் தொட்டியிலிருந்து தெருவுக்கொரு குழாய், தெருமுனையில் இரும்பு மூடி போட்ட குழிக்குள் ஒரு வால்வு. கீழே இருக்கும் மூன்று தெருக்களுக்கும் பெரிய தொட்டியில் முழங்காலளவு தண்ணீர் இருந்தாலே போதும், ஓடிப்போய்ச் சேர்ந்துவிடும். மேல் தெரு ஏறக்குறைய தொட்டியின் மட்டத்திலேயே இருந்தது. தொட்டி வாய்வரைக்கும் நிறைந்தால்தான் மேல் தெருக் குழாய்களில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

அவளுடைய கணவன்தான் முதலில் அந்த வேலையில் இருந்தான். ஒரு மழைக்காலத்தில் ஊற்றுக்கு ஏறும்போது பாறை வழுக்கியது. மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு பெண்ணுக்கு எப்படி இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று பின்னால் யாராவது கேட்டால், "சாவி எங்க வீட்டு மூலையிலதான் சாத்தியிருந்துச்சு. ஏறி வந்து திருப்பி வாங்கிட்டுப் போக ஆபீஸ்ல ஒருத்தருக்கும் உடம்பு வணங்கல" என்று சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதி உண்மை.

அவள் நேரம் தவறமாட்டாள். தெருவுக்கு இருபது நிமிடம் என்றால் இருபதுதான். மகளைப் பின்னால் மேல் தெருவிலேயே ஒரு ஜீப் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தபோது, இனி மேல் தெருவில் வெள்ளம்தான் என்று கீழே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கீழ்த்தெருக்காரி ஒருத்தி ஒரு மாதம் முழுக்கக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து பார்த்தாள். மகள் தெருவுக்கு ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதக் கடைசியில் சலித்துப்போய் அந்தக் கடிகாரத்தை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டாள்.

கணவனிடமிருந்து அவளுக்கு இன்னொரு பழக்கமும் வந்தது. மாதம் முதல் தேதி, பெரிய தொட்டிக்கு மேலிருக்கும் சின்ன அறைக்குள் போய், ஊற்றுக்குழாயின் வாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். எத்தனையில் குடம் நிறைகிறதோ அந்த எண்ணைச் சாக்கட்டியால் சிமெண்டுச் சுவரில் எழுதுவாள். நல்ல மழையில் ஐந்து. பனிக்காலத்தில் ஏழு, எட்டு. கோடையில் பத்து, பதினொன்று. கணவன் எழுதியதும் அவள் எழுதியதுமாக இருபத்தைந்து வருடத்து எண்கள் நாலு சுவரிலும் மொய்த்துக் கிடந்தன. அதை ஒருவரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் காட்டியதில்லை.

அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. மகள் மேல் தெருவிலேயே இருக்க வேண்டும். அந்த மலையில் பிறந்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்ததும் கீழே சமவெளிக்குப் போய்விடுவார்கள். போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, குளிருகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவளுடைய மகள் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். தினமும் மேல் தெரு வால்வைத் திறந்துவிட்டு, மகள் வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு தம்ளர் டீ குடிப்பாள். அந்த டீயில் சர்க்கரை எப்போதும் தூக்கலாக இருக்கும். அதைப் பற்றித் தினமும் ஒரு சண்டை போட்டுவிட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவாள்.

அந்த நிலைமையில்தான் சுற்றுலாத் திட்டம் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். திட்டத்து அம்மா ஒருவர் கனிவாகப் பேசினார். மலையும் கெடக்கூடாது, மலையில் இருப்பவர்களும் பிழைக்க வேண்டும். பெரிய கட்டடம் ஒன்றும் வராது. வருகிறவர்கள் உங்கள் வீடுகளிலேயே தங்குவார்கள், அறை கட்ட நாங்கள் உதவுவோம். இந்த வரிசையில் இருக்கும் ஏழு மலையூர்களில் ஒன்றைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம் என்றார். எதை வைத்து எடுப்பீர்கள் என்று யாரோ கேட்டார்கள். பாதை, பள்ளிக்கூடம், முக்கியமாகத் தண்ணீர். அடுத்த வாரம் ஊற்றைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லி முடித்தார். யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது மகள்தான். இரண்டு அறை கட்டுவதற்கு அவள் மனதுக்குள் அப்போதே ஜன்னல் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் என்பது நடுக்கோடை. முதல் தேதி எண்ணியபோது குடம் நிறையப் பதினொன்று ஆகியிருந்தது. மணிக்கட்டுப் பருமனுக்குச் சன்னமாக, வேண்டா வெறுப்பாக விழுந்துகொண்டிருந்தது தண்ணீர். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அந்த ஊரில் பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவார்கள், கிழிந்த பாயைக் கட்டிலுக்கடியில் தள்ளுவார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை, அது மரியாதை. ஊரே அந்த வாரம் வாசலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தது. சாவியக்காவுக்கு ஊற்றுதான் வாசல். இவ்வளவு இளைத்துப்போன தண்ணீரை வெளியாட்கள் முன்னால் நிறுத்த அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் மேலே ஏறிப்போய்க் குழித்தொட்டியின் குழாயை அடைத்தாள். வழிந்தோடும் ஓட்டையில் கோணியைத் திணித்தாள். இரண்டு நாள் தேங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெரிய தொட்டியில் இருந்த தண்ணீரைக் கொண்டு கீழ்த்தெருக்களுக்கு முறை தவறாமல் விட்டாள். தொட்டி மட்டம் இறங்கிவிட்டதால் மேல் தெருவுக்கு மட்டும் இரண்டு நாள் ஒரு சொட்டுப் போகவில்லை. எப்படியும் சண்டைக்கு வருவார்கள், குழாய் அடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அதிசயமாக ஒருவரும் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். மிச்ச நேரத்துக்கு ஒரு வேலை வேண்டுமே, அந்தச் சின்ன அறை கண்றாவியாக இருந்தது. ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து நாலு சுவருக்கும் அடித்தாள். கூரை விளிம்புவரை பளிச்சென்று வெளுத்துவிட்டது.

ஜீப் சத்தம் கடைசி வளைவில் கேட்டபோது கோணியோடு அடைப்பையும் பிடுங்கிவிட்டு மூச்சிரைக்க இறங்கி ஓடிவந்தாள். அதிகாரிகள் அறைக்குள் நுழைந்த நேரம், குழாய் வாயிலிருந்து தண்ணீர் தொடைப் பருமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்து வாசலில் நெரித்துக்கொண்டு நின்ற ஊர் மொத்தமும் 'ஆ' என்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு குடம் குடுங்கம்மா" என்றார் இன்ஜினியர்.

"குடிக்கத் தம்ளர் இருக்குங்க சார். அலம்பித் தரட்டுமா?"

"குடிக்க இல்லம்மா. அளக்கணும். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

அளப்பார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பார்க்க வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக நல்ல சேலை கட்டிக்கொண்டால், அவர்கள் அதை வைத்துத் தினமும் பட்டுத்தான் கட்டுவாய் என்று எழுதிக்கொண்டு போவார்களா? அவள் குடத்தை நீட்டினாள். இன்ஜினியர் போனில் நேரம் பார்த்தார், அவள் வாய்க்குள் எண்ணினாள். நாலு. மறுபடியும் பிடித்தார்கள், நாலு. மூன்றாவது தடவை நாலேகால்.

"நடுக்கோடையிலயே இப்படியா! அப்போ மழைக்காலத்துல?" என்று வியந்தார் இன்ஜினியர்.

அந்த இடத்தில் அவள் பேசியிருக்கலாம். சார், இது ரெண்டு நாள் சேர்த்து வச்ச தண்ணி என்று ஒரே ஒரு வரி. தலையை நிமிர்த்தினாள். கூட்டத்தின் முன்வரிசையில் மகள் நின்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்கவில்லை. சாவியக்கா வாயை மூடிக்கொண்டாள். இன்ஜினியர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏழு ஊர்களில் அந்த ஊரைத்தான் எடுத்தார்கள். மகள் வீட்டில் இரண்டு அறைகள் எழுந்தன. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மாப்பிள்ளை ஜீப்பில் ஆட்களைக் கூட்டிவருவார், மகள் சமைத்துப் போடுவாள், வந்தவர்கள் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். இரண்டு வருடம் அப்படி நன்றாகத்தான் போயிற்று. அந்த இரண்டு வருடமும் சாவியக்கா முதல் தேதி எண்ணுவதை விட்டுவிட்டாள். வெள்ளைச் சுவரில் சாக்கட்டி தெரியாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

காகிதம் என்பது சும்மா இருக்காது. நாலு எண்ணிக்கையில் குடம் நிறைகிற ஊற்றில் ஊருக்கு வேண்டியது பாதிகூட இல்லை, மீதி உபரி என்று அந்த நோட்டிலிருந்து ஒரு அறிக்கை பிறந்தது. இவ்வளவு உபரி வீணாக ஓடலாமா என்று யாருக்கோ மனம் பதறி, அறிக்கையிலிருந்து ஒரு அனுமதி பிறந்தது. மூன்றாவது வருடம், ஊருக்குப் பக்கவாட்டுச் சரிவில் முப்பத்திரண்டு அறையோடு பசுமை விடுதி எழுந்தது. பெரிய கட்டடம் வராது என்று சொன்ன அம்மா வேறு ஏதோ மலைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். குழித்தொட்டியிலிருந்தே விடுதிக்கு நேராக ஒரு தனிக் குழாய். ஊற்று பெருகினாலும் இளைத்தாலும் விடுதிக்கு எழுதிக்கொடுத்த அளவு மாறாது. அது போக மிஞ்சுவது ஊருக்கு.

விடுதிக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் எரிச்சல். பிளாஸ்டிக்கைத் தொடமாட்டார்கள். விளக்கெல்லாம் சூரிய மின்சாரத்தில் எரிந்தன. குளியலறைக் கண்ணாடியில், 'இந்த மலையில் ஒவ்வொரு துளியும் அரியது, துண்டை இரண்டு நாள் பயன்படுத்துங்கள்' என்று அழகான எழுத்தில் அட்டை தொங்கியது. வெளியே புல்தரையில் காலையும் மாலையும் தண்ணீர் சுழன்று சுழன்று தெறித்தது. மலையைப் பாதுகாத்ததற்காக அவர்களுக்கு விருதுகூடக் கிடைத்தது. வரவேற்பறைச் சுவரில் விருதுக்குப் பக்கத்தில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டினார்கள். சாவியோடு நிற்கிற சாவியக்கா. கீழே 'ஊற்றின் காவலர்' என்று எழுதியிருந்தது. சனிக்கிழமைகளில் தங்க வந்தவர்கள் அவளைத் தேடிவந்து, சாவியை வாங்கித் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் நாலு பல் தெரியச் சிரித்து வைப்பாள்.

நாலாவது கோடையில் மேல் தெரு தவிக்க ஆரம்பித்தது. தொட்டி வாய்வரை நிறைவதே இல்லை. தினமும் வந்த தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆயிற்று, பிறகு வாரம் ஒருமுறை. இருபது நிமிடம் ஏழு நிமிடமாகக் குறைந்தது. மேல் தெருவில் யாரும் குழாயை மூடுவதே கிடையாது. திறந்தபடி விட்டு, கீழே ஒரு குடத்தை வைத்திருப்பார்கள். எந்நேரம் வந்தாலும் சொட்டுகிற சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? பதினெட்டு வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு தொங்கியது.

மகள் வீட்டில் கடைசியாகத் தங்கியவர்கள் தலையில் ஷாம்பூவோடு வெளியே வந்து நின்றார்கள். காட்சி அருமை, தண்ணீர் இல்லை என்று இணையத்தில் எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். "வானம் நிறைய நட்சத்திரம் பாக்கலாம்னு விளம்பரம் குடுத்தோம். அதுல ஒண்ணை மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. சிரிப்பு வரவில்லை யாருக்கும். அதற்குப் பிறகு அந்த அறைகளுக்கு ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் காலையில் மகள் டீத் தம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா, கீழ்த்தெருவுக்கு இன்னமும் தினம் தண்ணி போகுதுல்ல? அவங்களுக்கு ஒரு நாள் நிறுத்தினா தொட்டி நிறையும். எங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் சேர்த்து விடேன்."

"அவங்க வீட்லயும் பிள்ளைகுட்டி இருக்குதுடி."

"ஒம் பிள்ளை நான் இல்லையா?"

அவள் தம்ளரை வாங்கிக் குடித்தாள். டீயில் சர்க்கரை இல்லை. அதை அவள் குறை சொல்லவில்லை.

அன்றே அவள் நகர அலுவலகத்துக்குப் போனாள். பழைய இன்ஜினியர் மாற்றலாகிவிட்டார். இப்போது இருந்தது சின்ன வயது இன்ஜினியரம்மா. நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழுவதையும் காதுகொடுத்துக் கேட்டாள். சாவியக்கா எதையும் மறைக்கவில்லை. கோணி அடைத்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நான் பண்ணினது தப்பும்மா. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, ஜெயில்ல போடுங்க. அந்தக் கணக்கை மட்டும் மாத்தி எழுதுங்க. கோடையில அந்த ஊத்து பதினொண்ணும்மா. நாலு இல்ல."

இன்ஜினியரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க சொல்றதை நான் நம்புறேன்க்கா. ஆனா இப்போ போய் அளந்தா, விடுதிக் குழாய் இழுத்தது போக மிச்சம்தான் தெரியும். மழை குறைஞ்சிருச்சுன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எவ்வளவு வந்துச்சுன்னு காட்ட ஏதாவது எழுத்து வேணும். ஒரு நோட்டு, ஒரு சீட்டு, ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சும்மா. இருபத்தஞ்சு வருஷத்துக்கு இருந்துச்சு. மாசா மாசம் செவுத்துல எழுதி வச்சிருந்தோம்."

இன்ஜினியரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சுவத்துலயா? அது போதும்க்கா! நாளைக்கே வந்து படம் எடுத்துக்கறேன்."

"சுண்ணாம்பு அடிச்சிட்டேன்" என்றாள் சாவியக்கா.

இன்ஜினியரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சாவியக்கா சொன்னதையெல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, நகல் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகத் தொட்டி அறைக்குப் போனாள். கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. அடியில் வெறும் சிமெண்டுதான் இருந்தது. அன்று தூரிகை போட்டுத் தேய்த்தபோதே சாக்கட்டி கரைந்து போயிருக்கிறது. ஒரு சுவர் முழுக்கச் சுரண்டிப் பார்த்தாள். கணவன் எழுதும் ஏழு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அப்படி ஓர் எண்ணாவது கிடைக்காதா என்று மூலையெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

கடிதம் போன இடம் தெரியவில்லை. வேலையை விட்டு எடுப்பார்கள் என்று காத்திருந்தாள், எடுக்கவில்லை. மெமோ வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. ஊற்றின் காவலர் படம் வரவேற்பறையில் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. தப்பை ஒப்புக்கொண்டவளைத் தண்டிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை என்பது அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

மழைக்கு முன்பே மகள் முடிவு செய்துவிட்டாள். சமவெளியில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்ட மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தது. விடுதி வேலையாட்கள் தங்குவதற்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாவியை விடுதி மேனேஜரிடம் ஒப்படைத்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்று சாவியக்கா போய் வாசலில் நின்றாள். மகள் மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டி."

"சொல்லு."

"அன்னிக்கு அளந்தாங்களே, அது நெசமான தண்ணி இல்ல. ரெண்டு நாள் தேக்கி வச்சு நான்தான் திறந்துவிட்டேன். ஒன்னை இந்த ஊரை விட்டு விரட்டினது விடுதி இல்லடி. நான்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுதான் விரும்பினாள். மகள் முடிச்சை இறுக்கினாள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ரெண்டு நாள் எங்க குழாயில சொட்டு வரல. நீ ஒரு நாள்கூட முறை தப்ப மாட்டியே. எனக்குப் புரியாதா? தெருவே கிளம்பி ஒங்கிட்ட சண்டைக்கு வரப் பார்த்துச்சு. நான்தான் வீடு வீடாப் போய், ரெண்டு நாள் பொறுங்க, யாரும் வாயைத் திறக்காதீங்க, நமக்கெல்லாம் நல்ல காலம் வரப்போகுதுன்னு சொல்லி நிறுத்தினேன்."

"மேல் தெரு முழுக்கத் தெரியுமா?"

"முழுக்கத் தெரியும். அன்னிக்கு அந்த ரூமு வாசல்ல நின்னோமே, அத்தனை பேருக்கும் தெரியும்."

இத்தனை வருடம் சாவியக்கா நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த கல்லைப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். ஒருவராவது இறக்கி வைத்திருந்தால், அன்று அந்த வாசலில் ஒரே ஒருத்தராவது வாயைத் திறந்திருந்தால், ஊர் பிழைத்திருக்கும். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர்கள் இருந்தார்கள், அவர்கள் முகம் வாடக்கூடாது என்று அவள் இருந்தாள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்புதான் எல்லாரையும் கவிழ்த்தது.

"அப்புறம் ஏண்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?" என்றாள் மகள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் அழுகை வரவில்லை. ஜீப் கடைசி வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் சாவியக்கா வால்வுக் குழிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அடுத்த வியாழக்கிழமை மேல் தெருவின் முறை. மிஞ்சியிருந்த ஆறு வீட்டுப் பெண்கள் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தார்கள். சாவியைப் பொருத்தித் திருகினாள். குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பின. கால் தன் பழக்கத்துக்கு மகள் வீட்டு வாசலுக்கு நடந்தது. கதவில் விடுதியின் புதுப் பூட்டு தொங்கியது.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குடத்தில் விழுகிற சத்தம் அல்ல, வெறும் தரையில் விழுகிற சத்தம். குழாயைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல் தெருவில் யார்தான் மூடுவார்கள்? கதவிடுக்கில் தண்ணீர் வழிந்துவந்து அவள் பாதத்தை நனைத்தது. வெளியிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் அடைக்க ஒரு வழியும் கிடையாது. விடுதிக்குப் போய்ச் சாவி வாங்கிவர அரைமணி நேரம் ஆகும். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். இருபத்தாறு எண்ணுவதற்குள் ஒரு குடம் வீணாகியிருந்தது. மகள் பத்து நிமிடம் கேட்டபோது கொடுக்காத தண்ணீர், இப்போது ஆளில்லாத வீட்டில் கேட்காமலே கொட்டிக்கொண்டிருந்தது. அவளால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து வால்வில் சாவியைப் பொருத்தி இரண்டு கையாலும் மூடினாள். மகள் வீட்டில் சத்தம் நின்றது. தெரு முழுக்க நின்றது.

"என்னக்கா, இன்னும் பாதிக் குடம்கூட நிறையலையே?" என்றாள் ஒருத்தி.

"முறை முடிஞ்சிருச்சு" என்றாள் சாவியக்கா.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பெண் மகள் வீட்டு வாசலில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். சாவியக்காவின் முகத்தைப் பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்காமல் பாதிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.